பழைய டக்ட்டில் புது டக்ட்டைச் சேர்க்க ரெவிட் எப்படி? ஒரு எம்.இ.பி. மாடலரின் மதிப்பீடு

கட்டடங்களை முப்பரிமாண மாடலாக வரையும் ரெவிட் நல்ல மென்பொருளா என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை, என்ன வேலைக்கு என்று திருப்பிக் கேட்பேன். காலி மனையில் புதுக் கட்டடம், அடித்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை எல்லாவற்றையும் நாமே வரைகிறோம் என்றால் யோசிக்கவே வேண்டாம், தாராளமாக எடுக்கலாம். ஆனால் இருபது வருடமாக ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு ஆபீஸ், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏசி காற்று போகும் தகரக் குழாயான பழைய டக்ட், ஆபீஸின் ஒரு மூலையை இடித்து இரண்டு மீட்டிங் ரூம் கட்டுகிறார்கள், அதற்கான காற்றைப் பழைய மெயினிலிருந்தே, அதாவது பெரிய முதன்மை டக்ட்டிலிருந்தே, எடுக்க வேண்டும் என்றால் கதையே வேறு. அந்த வேலைக்கு ரெவிட் எப்படி என்பதைப் பற்றித்தான் இது.

நான் சென்னையில் எம்.இ.பி. மாடலராக, அதாவது ஏசி, எலக்ட்ரிக்கல், பிளம்பிங் அமைப்புகளைக் கணினியில் மாடலாக வரையும் ஆளாக இருக்கிறேன். கடைசி மூன்று வருடமாக என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் இந்த மாதிரி, பழைய கட்டடத்தை மாற்றியமைக்கும் ரெட்ரோஃபிட் வேலைதான். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டக்ட்டை டக்ட்டோடு சேர்ப்பதில் ரெவிட் கண்டிப்பானது, அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, அதற்கு 5-க்கு 4 கொடுப்பேன். எது பழையது, எது புதியது, எது இடிக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டு காற்றைக் கணக்குப் போடுவதில் 5-க்கு 2-க்கு மேல் தர மனம் வரவில்லை. ஏன் என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். ரெவிட் முதலில் 2000-ல் வெளிவந்தது, 2002-ல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. ஏசி, பிளம்பிங், எலக்ட்ரிக்கல் வேலைக்கான பகுதி 2006-ல் ரெவிட் சிஸ்டம்ஸ் என்று தனியாக வந்து, பிறகு ரெவிட் எம்.இ.பி. ஆகி, இப்போது எல்லாம் ஒரே ரெவிட்டுக்குள் இருக்கிறது. விலை குறைவு என்று ரெவிட் எல்.டி. வாங்கிவிடாதீர்கள், அதில் டக்ட் வரையும் கருவிகளே கிடையாது. விண்டோஸ் மட்டும்தான். புதுப் பதிப்பில் திறந்து சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது, எனவே வேலை ஆரம்பிக்கும்போதே எந்த வருடப் பதிப்பு என்று எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு ஒரு வருட இலவச உரிமம் கிடைக்கிறது, வருடா வருடம் புதுப்பிக்கலாம். கற்றுக்கொள்ள அதுவே போதும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஆட்டோகேடில் இரண்டு கோடுகளை முட்டவிட்டால் டக்ட் சேர்ந்தது என்று அர்த்தம், அதைப் பார்க்கிற ஆளும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். ரெவிட்டில் அது செல்லாது. ஒவ்வொரு டக்ட்டுக்கும், எல்போ என்ற வளைவுத் துண்டுக்கும், அறைக்குள் காற்றை விடும் டிஃப்யூசருக்கும், காற்றைக் குளிரவைத்து அனுப்பும் ஏ.ஹெச்.யு. இயந்திரத்துக்கும் கனெக்டர் என்று ஒன்று உண்டு, ஒரு வாய் மாதிரி. அந்த வாயும் எதிர்ப்பக்க வாயும் கைகோத்தால்தான் சேர்ந்தது என்று கணக்கு. 1 மிமீ தள்ளி நின்றால்கூடக் கண்ணுக்கு ஒட்டின மாதிரி இருக்கும், காற்று போகாது. ஒரு டிஃப்யூசரை கிளிக் செய்தால் கழுத்தில் சின்னச் சதுர அடையாளத்தோடு 150 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்று எழுத்து தெரியும், அதுதான் அந்த வாய். அதன் மேல் வலது கிளிக் செய்து டக்ட் வரையச் சொன்னால் அந்த அளவிலேயே, அந்த உயரத்திலேயே, அந்த சிஸ்டத்திலேயே டக்ட் புறப்படும். எங்கிருந்தோ வரைந்துகொண்டு வந்து கடைசியில் முட்டவைப்பதைவிட, வாயிலிருந்து புறப்படுவதுதான் பாதுகாப்பான வழி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான்.

பழைய மெயினிலிருந்து பிராஞ்ச், அதாவது கிளை டக்ட், எடுப்பதற்கு இரண்டு வழி இருக்கிறது, டீ என்ற மூன்று வாய்த் துண்டு போடலாம், பக்கத்தில் ஒட்டும் டேப் (tap) போடலாம். டக்ட் டைப்பின் ரூட்டிங் பிரிஃபரன்ஸ் என்ற அமைப்பில் எது வேண்டும் என்று முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். இதில் கொஞ்சம் நேரம் செலவிடுவது நல்லது, ஏனென்றால் பழைய சிஸ்டத்தோடு சேர்க்கும்போது இந்த ஒரு தேர்வுதான் பின்னால் வரும் பாதித் தலைவலியைத் தீர்மானிக்கிறது. டீ போட்டால் மெயின் டக்ட் இரண்டு துண்டாக வெட்டப்பட்டு நடுவில் டீ உட்காரும். இரண்டு துண்டும் பழைய டக்ட்தான், ஆனால் நடுவில் வந்த டீ நாம் நிற்கும் வியூவின் ஃபேஸை (பழையதா, புதியதா என்ற கட்டத்தை) எடுத்துக்கொள்ளும், அதாவது புதுசு. இப்போது பழைய நிலையைக் காட்டும் வியூவைத் திறந்து பாருங்கள், மெயின் டக்ட்டின் நடுவில் டீ அளவுக்கு ஓர் ஓட்டை தெரியும். எதை இடிக்கிறோம் என்று காட்டும் டிமாலிஷன் டிராயிங்கில் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு இங்கே டக்ட் ஏன் அறுந்து கிடக்கிறது என்று கிளையன்ட் கேட்பார். டேப் போட்டால் மெயின் வெட்டுப்படாது, டேப் அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும், பழைய நிலை வியூ முழுசாக இருக்கும். சைட்டிலும் அதுதான் நடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மெயினை அறுத்து டீ செருகுவதை எந்த ஃபேப்ரிகேட்டரும் விரும்பமாட்டார், பக்கத்தில் ஒரு துளை வெட்டி, காலர் என்ற இணைப்பு விளிம்பு வைத்து, சீல் செய்துவிட்டுப் போவார். அதனால் ரெட்ரோஃபிட் டெம்ப்ளேட்டில் என் அமைப்பு எப்போதும் டேப்தான், அதிலும் காற்று வரும் பக்கம் 45 டிகிரி சரிந்த ஷூ டேப். பிராஞ்ச் மெயின் அளவுக்கே பெரிதாக இருக்கும்போது மட்டும் டீ.

வரையும்போது இரண்டு விஷயம் கைக்குப் பழகிவிட வேண்டும். பழைய டக்ட்டின் மேல் கர்சர் போய் ஸ்னாப் ஆகும்போது ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டினால் அந்த டக்ட்டின் உயரமும் அளவும் அப்படியே வந்துவிடும். இல்லாவிட்டால் நாம் கடைசியாக வரைந்த உயரத்தில் புது டக்ட் புறப்படும், ரெவிட் நடுவில் தானாக ஒரு செங்குத்துத் துண்டும் இரண்டு எல்போவும் போட்டு இரண்டையும் சேர்த்துவிடும். பிளானில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, செக்‌ஷன் வெட்டினால்தான் அந்த அசிங்கம் தெரியும். இன்னொன்று ஆட்டோமேட்டிக்கலி கனெக்ட் என்ற பொத்தான். பழைய டக்ட்டின் கீழே அதே பாதையில் வேறொரு டக்ட் ஓட்டும்போது இதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கேட்காமலே மேலே இருப்பதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

எல்போவிலிருந்து பிராஞ்ச் எடுக்க வேண்டுமென்றால் ஓர் அழகான குறுக்குவழி இருக்கிறது. பழைய எல்போவை கிளிக் செய்யுங்கள், பக்கத்தில் சின்னக் கூட்டல் குறி வரும், அதை அழுத்தினால் எல்போ டீயாக மாறி, காலியான வாய் ஒன்று கிடைக்கும், அங்கிருந்து வரையலாம். டீயில் கூட்டல் குறியை அழுத்தினால் நான்கு வழி கிராஸ். வேண்டாமென்றால் கழித்தல் குறி. டக்ட்டின் கடைசி முனையிலிருந்து நீட்டுவதாக இருந்தால், அங்கே எண்ட் கேப் இருக்கிறதா என்று பாருங்கள். கேப் இருந்தால் வாய் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம், அதை எடுக்காமல் எத்தனை முறை இழுத்தாலும் சேராது. இதற்காக ஒரு மணி நேரம் போராடிய தம்பிகளைப் பார்த்திருக்கிறேன்.

டிஃப்யூசரைத் தேர்ந்தெடுத்து கனெக்ட் இன்ட்டூ என்று கொடுத்து மெயினைக் காட்டினால் ரெவிட்டே டக்ட் போட்டுக் கொடுக்கும். நேரான, திறந்த இடத்தில் பரவாயில்லை. பீமும் பைப்பும் கேபிள் ட்ரேயும் நெருக்கியடிக்கும் பழைய சீலிங்கில் இதை நம்ப வேண்டாம், கையால் வரைவதே வேகம்.

இப்போது மென்பொருளைத் தாண்டி ஒரு விஷயம். பழைய டக்ட்டின் அளவு எங்கிருந்து வருகிறது? போன வருடம் ஒரு ஆபீஸ் தளத்துக்கு மாடல் செய்தோம். கட்டி முடித்த நிலையைக் காட்டும் ஆஸ் பில்ட் டிராயிங் சரியில்லை என்பதால் எங்கள் குழுவிலிருந்தே இரண்டு பேர் போய் சீலிங் ஓட்டை வழியாக அளவு டேப் பிடித்து அளந்து வந்தார்கள். மெயின் 950-க்கு 500 என்று குறிப்பில் எழுதியிருந்தது. நான் அப்படியே 950×500 என்று வரைந்தேன். அடுத்த துண்டு, ஏ.ஹெச்.யு. ரூமுக்குள் இருப்பது, அங்கே ஃபிளேன்ஜ், அதாவது டக்ட் துண்டின் இணைப்பு விளிம்பு, வெளியே தெரிவதால் 900×450 என்று அளந்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்ததும் ரெவிட் நடுவில் ஒரு டிரான்சிஷன் போட்டது, ஒவ்வொரு பக்கமும் 25 மிமீ குறைகிற ஒரு குட்டி ரெட்யூசர். அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 25 மிமீ-க்கு யார் ரெட்யூசர் அடிப்பார்கள்? அப்புறம்தான் புரிந்தது, வெளியே அளந்தது இன்சுலேஷனோடு சேர்த்து. 25 மிமீ தடிப்பு, இரண்டு பக்கமும் 50, ஆக உள்ளே இருக்கும் ஷீட் டக்ட் அதே 900×450. ரெவிட்டில் டக்ட் அளவு என்பது ஷீட்டின் அளவு, இன்சுலேஷனை அதன் மேல் தனியாகப் போர்த்த வேண்டும். அந்த டிரான்சிஷன் வராமல் இருந்திருந்தால் தவறான அளவிலேயே காலர் போட்டு, டக்ட் செய்பவர்களுக்கான ஷாப் டிராயிங் போயிருக்கும். வெறும் கோடாக வரைந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. ரெவிட்டின் கண்டிப்பு பிடித்திருக்கிறது என்று மேலே சொன்னது இதற்காகத்தான், அளவு பொருந்தவில்லையென்றால் அது மறைக்காமல் காட்டிவிடுகிறது.

அதே வேலையில்தான் அடுத்த பிரச்சினையும் வந்தது, அது மென்பொருளின் தன்மையைச் சேர்ந்தது, ரெட்ரோஃபிட் செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ரெவிட்டில் ஃபேஸ் என்று இருக்கிறது. பழையது எக்ஸிஸ்டிங் ஃபேஸ், புதியது நியூ கன்ஸ்ட்ரக்‌ஷன். சுத்தியல் படத்தை அழுத்தி ஒரு டக்ட்டைத் தட்டினால் அது இடிக்கப்படுவதாகக் குறிக்கப்படும், டிராயிங்கில் விட்டுவிட்டு வரும் கோடாக மாறும், புது நிலை வியூவில் மறைந்துவிடும். காட்சிக்கு எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் டக்ட் சிஸ்டத்துக்கு ஃபேஸ் என்றால் என்னவென்றே தெரியாது. யார் யாரோடு கைகோத்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. இடிக்கப்பட்ட டிஃப்யூசரின் கை இன்னும் மெயினோடு கோத்திருந்தால், அதன் காற்றும் கணக்கில் வரும்.

எங்கள் தளத்தில் ஏ.ஹெச்.யு. 6000 சி.எஃப்.எம். பழைய டிஃப்யூசர்கள் எல்லாம் சேர்ந்து அந்த 6000. மூலையில் இருந்த நான்கு டிஃப்யூசரை எடுக்கிறோம், ஒவ்வொன்றும் 150, ஆக 600. அந்த இடத்தில் இரண்டு மீட்டிங் ரூமுக்கு ஆறு புது டிஃப்யூசர், அதுவும் 150, ஆக 900. மனக்கணக்கிலேயே விடை 6300. நான் புது பிராஞ்சை டேப் போட்டுச் சேர்த்து, பழைய நான்கையும் சுத்தியலால் தட்டி, மெயினை கிளிக் செய்து பார்த்தால் 6900 என்று நிற்கிறது. 900×450 மெயினில் 6000 சி.எஃப்.எம். போனால் வேகம் வினாடிக்கு சுமார் 7 மீட்டர், 6900 போனால் 8 மீட்டர். அந்த 8 மீட்டரை வைத்து டிசைன் பக்கம் மெயினைப் பெரிதாக்க வேண்டுமா, சத்தம் வருமா, ஃபேன் தாங்குமா என்று அரை நாள் பேச்சு ஓடியது. எண்ணை அனுப்புவதற்கு முன்னால் நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. எங்கோ 600 கூடுதலாக இருக்கிறது என்று சொன்னதே டிசைன் இன்ஜினியர்தான், அவர் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

சரிசெய்வது கஷ்டமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். எளிய வழி, இடிக்கப்படும் டிஃப்யூசர்களின் ஃப்ளோவை பூஜ்யம் ஆக்கிவிடுவது. இதில் ஒரு குறை, டிமாலிஷன் டிராயிங்கில் பழைய டிஃப்யூசருக்கு டேக் (விவரக் குறிப்பு) போட்டால் அங்கேயும் பூஜ்யம்தான் வரும். எனக்குப் பிடித்த வழி, இடிக்கப்படும் பிராஞ்சை மெயினிலிருந்து நிஜமாகவே கழற்றிவிடுவது. டேப்புக்குப் பக்கத்தில் பிராஞ்ச் டக்ட்டை ஸ்ப்லிட் கருவியால் வெட்டுங்கள், வெட்டிய இடத்தில் ரெவிட் யூனியன் என்ற ஒரு இணைப்புத் துண்டு போடும். அந்த யூனியனை டிலீட் செய்தால் இரண்டு பக்கமும் வாய் திறந்து நிற்கும். அதற்கப்பால் இருக்கும் நான்கு டிஃப்யூசரும் ஒரு தனி சிஸ்டமாகப் பிரிந்து போய்விடும், அவற்றின் 600 மெயினிலிருந்து கழிந்துவிடும், 150 என்ற டேக்கும் அப்படியே இருக்கும். டிராயிங்கில் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது.

இதே வெட்டும் வேலை இன்னோர் இடத்திலும் தேவைப்படும். மெயினின் கடைசி நான்கு மீட்டரை எடுத்துவிட்டு அங்கிருந்து வேறு பக்கம் திருப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் தட்டிவிட்டால் மட்டும் போதாது, இடிக்கப்பட்ட துண்டு இன்னும் மெயினின் வாயைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு வாய்க்கு ஒரு கைதான், புது டக்ட்டோ புது எண்ட் கேப்போ அங்கே உட்கார முடியாது. வெட்டி, யூனியனை எடுத்து, இடிக்கப்படும் துண்டின் முனையை 100 மிமீ பின்னால் இழுத்துவிட்டு, பிறகு வரையுங்கள். பின்னால் இழுப்பது எதற்கு என்றால், பக்கத்திலேயே இருந்தால் புது டக்ட் போய் அந்தப் பழைய முனையிலேயே மறுபடி ஸ்னாப் ஆகிவிடும்.

டக்ட் சைஸிங் கருவியிலும் இதே கவனம் வேண்டும். முழு நெட்வொர்க்கையும் தேர்ந்தெடுத்து அளவு போடச் சொன்னால் பழைய மெயினையும் சேர்த்து மாற்றிவிடும், அது இருபது வருடமாகச் சீலிங்கில் தொங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. புது பிராஞ்சை மட்டும் தேர்ந்தெடுங்கள். எங்கள் பிராஞ்சில் கடைசி நான்கு டிஃப்யூசருக்கான 600 சி.எஃப்.எம். துண்டுக்கு 300×250 வந்தது, வேகம் 4 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே, மீட்டிங் ரூமுக்குச் சரியான அளவு.

பழைய மாடல் தனி ஃபைலாக இருந்து அதை லிங்க் செய்து வேலை பார்ப்பவர்கள் ஒன்றை முதல் நாளே முடிவுசெய்ய வேண்டும். லிங்க் ஃபைலில் இருக்கும் டக்ட்டோடு நம் ஃபைலில் இருக்கும் டக்ட்டைச் சேர்க்க முடியாது. லிங்க்கிலிருந்து நகல் எடுக்கும் காப்பி மானிட்டர் கருவி டிஃப்யூசரையும் மெக்கானிக்கல் எக்விப்மென்ட்டையும் கொண்டுவரும், டக்ட்டைக் கொண்டுவராது. அதனால் சேரும் இடத்தைச் சுற்றியுள்ள பழைய டக்ட்டை லிங்க்கிலிருந்து காப்பி செய்து, அதே இடத்தில் பேஸ்ட் செய்து, எக்ஸிஸ்டிங் ஃபேஸுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்தத் துண்டு இரண்டு ஃபைலிலும் இருக்கும் என்பதைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருளில் கிளாஷ் பார்க்கும் ஆள் நூறு மோதல் காட்டுவார். என்னைக் கேட்டால் ஏ.ஹெச்.யு.விலிருந்து தொடங்கும் முழு பழைய சிஸ்டமும் புது டக்ட் இருக்கும் அதே ஃபைலில் இருப்பதுதான் சரி. பாதி அங்கே பாதி இங்கே என்றால் மொத்தக் காற்று எங்கேயும் சரியாக வராது.

ஒரே ஃபைலில் பல பேர் வேலை செய்தால் வேறொரு நெருக்கடி. புது டக்ட்டைப் பழையதில் சேர்ப்பது என்பது பழையதையும் மாற்றுவதுதான். அந்தப் பழைய டக்ட்டை வேறொருவர் தொட்டு வைத்துக்கொண்டு பொது ஃபைலில் சேமிக்காமல் (சின்க் செய்யாமல்) டீ குடிக்கப் போயிருந்தால், நாம் சேர்க்க முடியாது, அனுமதி கேட்டு நிற்க வேண்டும். சேர்க்கும் வேலையை ஒரே ஆளிடம் கொடுத்துவிடுவது நல்லது. எங்கள் குழுவில் காலை முதல் ஒரு மணி நேரம் அதற்கு மட்டும்.

பிழைச் செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் பயந்துபோவது அங்கேதான். ஃபிட்டிங் (எல்போ, டீ போன்ற துண்டு) வைக்க இடம் போதவில்லை என்று வந்தால் பெரும்பாலும் அது உண்மை. 600 அகல டக்ட்டின் எல்போவுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று யோசித்தால் தெரிந்துவிடும், சைட்டிலும் அது உட்காராது. தானாக வழி கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் கோணத்தைப் பாருங்கள். ஸ்கேன் செய்து கிடைத்த புள்ளித் தொகுப்பான பாயின்ட் கிளவுடின் மேல் பழைய டக்ட்டை அப்படியே ஒட்டி வரைந்திருந்தால் அது 0.3 டிகிரி சாய்ந்திருக்கும், நிஜ டக்ட் அப்படித்தான் தொங்குகிறது, தப்பில்லை, ஆனால் நேர்க்கோட்டில் வரும் புது டக்ட்டை அதில் சேர்க்க ரெவிட் திணறும். நாங்கள் பழைய டக்ட்டை நேராக, மட்டமாக வரைந்துவிட்டு, 20 மிமீ வரை வித்தியாசம் இருக்கலாம் என்று டிராயிங்கில் குறிப்பு எழுதுகிறோம். டக்ட் எதிர்த்திசைக்குத் திரும்பிவிட்டதால் இணைப்புகள் செல்லாது என்று ஒரு செய்தி வரும், அது இன்னும் குழப்பமாக இருக்கும். நீங்கள் ஒரு ஃபிட்டிங்கை நகர்த்தியிருப்பீர்கள், அதற்கும் அடுத்த ஃபிட்டிங்குக்கும் நடுவில் இருந்த சின்ன டக்ட்டின் நீளம் பூஜ்யத்தைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். ஒரு படி பின்வாங்கி, குறைவாக நகர்த்துங்கள், அல்லது அந்தச் சின்னத் துண்டை எடுத்துவிட்டு மறுபடி சேருங்கள்.

சேர்ந்ததா இல்லையா என்று பார்க்க மூன்று வழி வைத்திருக்கிறார்கள், மூன்றும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஒன்று டேப் கீ, விசைப்பலகையில் இருப்பது. டக்ட்டின் மேல் கர்சரை வைத்துக்கொண்டு அதை ஒவ்வொரு முறை தட்டும்போதும் முதலில் அந்த பிராஞ்ச், அப்புறம் இன்னும் கொஞ்சம், கடைசியில் ஏ.ஹெச்.யு. வரை முழு நெட்வொர்க்கும் ஒளிரும். எங்கே ஒளி நிற்கிறதோ அங்கே இணைப்பு அறுந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான், ஒரு நாளைக்கு நூறு முறையாவது தட்டுவேன். அடுத்தது ஷோ டிஸ்கனெக்ட்ஸ், திறந்து கிடக்கும் வாய்களில் எல்லாம் மஞ்சள் முக்கோணம் காட்டும். மூன்றாவது எஃப்9 அழுத்தினால் வரும் சிஸ்டம் பிரவுசர், அதில் எந்த சிஸ்டத்திலும் சேராத டிஃப்யூசர்கள் தனியாகத் தெரியும். சப்ளை டிஃப்யூசரை, காற்றைத் திரும்ப எடுத்துச் செல்லும் ரிட்டர்ன் டக்ட்டின் பக்கத்தில் வைத்துச் சேர்க்கப் பார்த்தீர்கள் என்றால் அதுவும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

வேகம் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெரிய தளம், நூற்றுக்கணக்கான டிஃப்யூசர், எல்லாம் ஒரே சிஸ்டம் என்றால் ஒவ்வொரு இணைப்புக்கும் ரெவிட் முழுக் கணக்கையும் மறுபடி போடும், கர்சர் சுற்றிக்கொண்டே இருக்கும். டக்ட் சிஸ்டம் டைப்பில் கால்குலேஷனை நன் (None, எதுவும் வேண்டாம்) என்று வைத்துவிட்டு வரைந்து முடித்து, பிறகு ஆல் என்று மாற்றுங்கள். மாற்ற மறந்தால் காற்றின் கணக்கு வராது, கவனம்.

வேறு எதை எடுக்கலாம் என்றால், ஆட்டோகேட் எம்.இ.பி. இன்னும் இருக்கிறது, 2டி டிராயிங் மட்டும் போதும் என்ற சின்ன வேலைக்கு அது கைக்கு இலகு. ஃபின்லாந்துக்காரர்களின் மேஜிகேட் ரெவிட்டுக்கு உள்ளேயே ஓடும், கணக்கீட்டில் ரெவிட்டைவிட நிறைய செய்யும், ஆனால் அது தனிச் செலவு, அடியில் இருக்கும் கனெக்டரும் ஃபேஸும் ரெவிட்டின் கனெக்டரும் ஃபேஸும்தான். வேலையில் பாதிக்கு மேல் புதுக் கட்டடம் என்றால் ரெவிட்டே போதும். முழுக்க ரெட்ரோஃபிட் செய்யும் சின்ன அலுவலகம் என்றால் முதலில் டிரையல் எடுத்து, உங்களிடம் இருக்கும் ஒரு பழைய தளத்தை வரைந்து, நான்கு டிஃப்யூசரை இடித்து, ஆறைச் சேர்த்து, மெயினில் என்ன எண் வருகிறது என்று கால்குலேட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எண் ஏன் அப்படி வருகிறது என்று உங்கள் குழுவில் ஒருவருக்காவது விளக்கத் தெரிந்தால் வாங்கலாம்.

எங்கள் தளம் என்ன ஆனது என்றால், பிராஞ்சைக் கழற்றியதும் மெயினில் 6300 வந்தது, வேகம் 7.3 மீட்டர். கூடுதலாக இருந்த 300-ஐ டிசைன் இன்ஜினியர் திறந்த ஹாலில் இருந்த சில டிஃப்யூசர்களில் குறைத்துச் சமன் செய்தார். மெயினைத் தொடவில்லை. டேப் வைத்த இடத்தைத் தூணிலிருந்து அளந்து ஷாப் டிராயிங்கில் கொடுத்தோம், காலர் முதல் தடவையிலேயே உட்கார்ந்தது.